தமிழில் பேசியவர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு நூல்

அண்மையில் வாசித்து முடித்த ஒரு நூலை நீங்களும் வாசிக்க வேண்டும் என்பதற்காக இப்பதிவை எழுதுகிறேன். அதோடு, இத்தகைய நூல்களை வாசித்துப் பாராட்டிவிட்டு அடுத்த நூலுக்குச் சென்றுவிடும் நம் தமிழ் ஆய்வுலகத்தோடு எனக்கு ஒரு வழக்கும் உண்டு. பதிவு சற்று நீளமானது. பொறுமையாக வாசித்து, மறுப்பிருந்தால் எழுதுங்கள்.

நூலின் பெயர் 'பிளாண்டேஷன் கிரைசிஸ்'. எழுதியவர் மானிடவியலாளர் ஜெயசீலன் ராஜ். லண்டனின் யூசிஎல் பதிப்பகம் 2022இல் வெளியிட்டது. இந்தியத் தேயிலை மண்டலத்தில் தலித் வாழ்வு கண்ட முறிவுகள் என்று அதன் துணைத்தலைப்பைத் தமிழில் சொல்லலாம். பீர்மேடு, மூணாறு தோட்டப் பகுதிகளில் மேற்கொண்ட நெடுங்காலக் கள ஆய்விலிருந்து பிறந்தது இந்நூல். ஆசிரியரும் அத்தோட்ட வாழ்விலிருந்து வந்தவரே. மின்னூலைக் காசின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம். ஆகவே விலையைக் காரணம் காட்டி எவரும் விலகிக்கொள்ள முடியாது.

இந்தியத் தேயிலையைப் பெருமளவில் வாங்கிவந்த சோவியத் ஒன்றியம் 1991இல் சிதறியது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் தேயிலை விலை வீழ்ந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. சில, முதலாளிகளால் கைவிடப்பட்டன. பொருளியல் நூல்கள் இந்தச் செய்தியோடு நின்றுவிடும். ஜெயசீலன் ராஜ் தொடங்கும் இடமே இதுதான். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி குடியிருப்பும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் முதலாளி தர வேண்டியவையாக இருந்தன. வேலையோடு வீடும், வீட்டோடு அக்கம்பக்கமும், அக்கம்பக்கத்தோடு சாவுக்கும் வாழ்வுக்கும் கூடும் உறவும் பிணைந்திருந்த அமைப்பு அது. தமிழ்ச் சமவெளியிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டுத் தலைமுறை தலைமுறையாக அதற்குள்ளேயே வாழ்ந்தவர்களுக்குத் தோட்டம் மூடப்பட்டபோது கூலி மட்டும் நிற்கவில்லை. தாம் யார் என்று சொல்லிக்கொள்ளும் வழியும் அடைபட்டது. இந்த இழப்பைப் பகுதி பகுதியாக எடுத்து ஆராய்வதே நூலின் பணி.

ஓய்வுபெறுதல் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது மாலையும் வாழ்த்துரையும் கொண்ட நாள். தோட்டத் தொழிலாளிக்கோ வீட்டை ஒப்படைக்க வேண்டிய நாள். 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஓராண்டுப் பணிக்குப் பதினைந்து நாள் கூலி என்று கணக்கிட்டது. முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்த ஒருவருக்கு அது 450 நாள் கூலி. 2015இல் நாட்கூலி 232 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் 1,04,400 ரூபாய். ஒரு வாழ்நாள் உழைப்புக்கான அந்தத் தொகையும் கைக்கு வராமல் இழுத்தடிக்கப்படும்போது, வீட்டை விட்டுப் போகவும் முடியாமல், அங்கு இருக்கும் உரிமையும் இல்லாமல் ஒரு மனிதர் நிற்கிறார். கூரையைத் தக்கவைப்பதற்காக மகளோ மகனோ தோட்ட வேலைக்கு வரவேண்டியதாகிறது. நெருக்கடி என்ற சொல்லுக்கு இந்நூல் தரும் பொருள் இத்தகைய முட்டுச்சந்துகள்தாம்.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் என்னை அதிகம் நிறுத்திவைத்தவை பெயர்களைப் பற்றிய பக்கங்கள். கேரளத்தில் தமிழரை இழித்துரைக்க 'பாண்டி' என்ற சொல் வழங்குவதை நாம் அறிவோம். பாண்டி நாட்டார் என்ற பொருளில் வழங்கிய பெயர் வசையானதை, வகுப்பறையில் இழிபொருட்பேறு என்று எழுதிவிட்டு அடுத்த எடுத்துக்காட்டுக்குச் சென்றுவிடுவோம். அந்தச் சொல்லைச் சுமக்கும் மனிதர் என்ன செய்கிறார் என்பது நம் பாடத்திட்டத்தில் இல்லை. மொழியும் சாதியும் தொழிலும் ஒரே வசைக்குள் சுருங்கும்போது, வேலை தேடித் தோட்டத்தைவிட்டு வெளியேறும் இளைஞர் தம் ஊரை மறைக்க வேண்டியிருக்கிறது. தம் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரசின் ஏட்டிலும் இதே சிக்கல்தான். குடும்பம் 1950க்கு முன்பே இம்மாநிலத்துக்கு வந்துவிட்டதா என்ற கேள்வி, சாதிச் சான்றிதழ் கேட்கும் ஒவ்வொரு மாணவரின் முன்னும் நிற்கிறது. 2021இல் தேவிகுளம் தனித் தொகுதியில் வென்ற சட்டமன்ற உறுப்பினரின் பட்டியல் சாதித் தகுதி குறித்த வழக்கு, 2023இல் கேரள உயர் நீதிமன்றத்தில் ஒருவகையாகவும் 2025இல் உச்ச நீதிமன்றத்தில் வேறுவகையாகவும் முடிந்தது. சட்டமன்ற உறுப்பினருக்கே இந்நிலை என்றால், லயத்திலிருந்து கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பெண்ணின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண் தொழிலாளர்கள் நடத்திய போராட்டத்தை நீங்கள் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து, நிருவாகத்தையும் தம் தொழிற்சங்கங்களையும் ஒருசேர எதிர்த்து நின்றார்கள். போனஸைப் பொறுத்தவரை வென்றார்கள். தங்களுக்கு அவர்கள் இட்டுக்கொண்ட பெயர் 'பெம்பிளை ஒருமை'. அப்பெயரில் மலையாளமும் தமிழும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. பள்ளித் தமிழ் இலக்கணத்தில் ஒருமை என்பது பன்மைக்கு மறுதலை. மூணாற்றுப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர் ஒன்றுகூடிய பன்மைக்கு அந்தச் சொல்லை வைத்தார்கள். இரு மொழிகளின் எல்லையில் வாழ்பவர்களின் சொல்லாக்கத் திறனுக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இதைப் பற்றித் தமிழ் மொழியியல் துறைகளில் எத்தனை கருத்தரங்கக் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன என்று அவரவர் துறையிலேயே விசாரித்துப் பாருங்கள்.

இனி என் வழக்குக்கு வருகிறேன்.

நம்மிடையே நூல் பரிந்துரை ஒரு சடங்காகிவிட்டது. மேசையில் நூல், அருகில் ஆவி பறக்கும் தேநீர், ஒளிப்படம், 'கட்டாயம் வாசிக்க வேண்டிய நூல்' என்ற வரி, நாற்பது விருப்பக்குறிகள். தேயிலைத் தொழிலாளரைப் பற்றிய நூலுக்கும் இதே தேநீர்க் கோப்பைதான். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. வாசிப்பவருக்கும் வாசிக்கப்படுபவருக்கும் இடையே ஒரு பொருளியல் உறவு இருக்கிறது. அந்த உறவின் அடையாளத்தையே அலங்காரமாக வைத்துவிட்டு அதைக் கவனிக்காமல் இருப்பது எப்படி முடிகிறது என்று கேட்கிறேன். வாசித்ததை அறிவிப்பதோடு வாசிப்பின் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணினால் மட்டுமே அது முடியும்.

இதே வழக்கத்தின் இன்னொரு வடிவம், தோட்டத் தொழிலாளரின் துயரத்தைக் கடந்த காலத்தில் பூட்டிவைப்பது. பி.எச்.டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ' நாவல், இரா.முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' ஆகத் தமிழுக்கு வந்தது. தோட்ட மருத்துவராகப் பணியாற்றிய ஒருவர் ஆனைமலைத் தோட்டங்களைப் பற்றி எழுதியதைத் தமிழர் தம் மொழியில் வாசிக்க முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. 2013இல் 'பரதேசி' திரைப்படமும் வந்தது. அந்த மொழிபெயர்ப்பு தமிழுக்குக் கிடைத்த பெரும் பேறு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை நாம் வாசித்த விதம் வேறு. வெள்ளைத் துரைகள், கங்காணிகள், கொள்ளைநோய், சவுக்கடி என்று கண்ணீர் விட்டுவிட்டு, அந்தக் காலத்துக் கொடுமை என்று பெருமூச்செறிந்தோம். 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் இரவில் மலை சரிந்து லயங்களை மூடியதில் 70 உயிர்கள் போயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். அன்று துரையும் இல்லை, கங்காணியும் இல்லை, லயம் இருந்தது. 'எரியும் பனிக்காடு' வாசித்தவர்கள் அடுத்து வாசிக்க வேண்டியது 'பிளாண்டேஷன் கிரைசிஸ்' என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். முன்னது நிறுத்திய இடத்துக்கு வெகுகாலத்துக்குப் பின்னான, நம் ஆயுட்காலத்துக்குள்ளேயே நடக்கும் கதை பின்னதில் இருக்கிறது.

ஆயின், எந்த மொழியில் வாசிப்பது? வழக்கின் மையம் இதுதான். இந்நூலின் தமிழ்ப் பதிப்பு எதையும் எந்தக் கடையிலும், எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலும் நான் கண்டதில்லை. இதை மொழிபெயர்க்க வேண்டும் என்று சொன்னால், ஆங்கில நூலொன்றைத் தமிழுக்குக் கொண்டுவருவதாகத்தான் பலரும் எண்ணுகிறார்கள். அது பாதி உண்மை. களத்தில் ஆய்வாளரிடம் மனிதர்கள் பேசியது தமிழில். முணுமுணுத்ததும் வதந்தி பரப்பியதும் ஏசியதும் அழுததும் தமிழில். அவை ஆங்கிலமாகி அச்சேறின. நாம் வாசிக்கும் ஆங்கிலமே ஒரு மொழிபெயர்ப்பு. அதன் மூலம் லயங்களின் வாசற்படியில் பேசப்பட்டது. ஆகவே இந்நூலைத் தமிழாக்குவது என்பது கடனாகப் போன பேச்சைத் திருப்பித் தருவதாகும்.

திருப்பித் தரும்போது சில மீளவும் கிடைக்கும். தமிழில் முன்னிலைச் சொல்லைத் தேர்ந்தெடுக்காமல் எவரையும் விளிக்க முடியாது. மேற்பார்வையாளர் வயதில் மூத்த பெண்ணை 'வா, போ' என்கிறாரா, 'வாங்க, போங்க' என்கிறாரா. தொழிலாளி அவரை எப்படிக் குறிப்பிடுகிறார், அவர் இல்லாத இடத்தில் எப்படிக் குறிப்பிடுகிறார் என்பவற்றில்தான் தோட்டத்தின் படிநிலை நாள்தோறும் உயிர்பெறுகிறது. ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல் இத்தனையையும் விழுங்கிவிடும். இது ஆசிரியரின் குறையன்று, அம்மொழியின் அமைப்பு. சாதியையும் அதிகாரத்தையும் பற்றிய ஒரு நூலில் 'நீ'க்கும் 'நீங்க'வுக்கும் இடையிலான தொலைவு அடிக்குறிப்பாக இருக்கக் கூடாது. தமிழ் வடிவம் அதை ஒவ்வொரு வரியிலும் காட்டும்.

இதற்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன். முதலாவது, சமூக அறிவியல் கலைச்சொற்களுக்குத் தமிழ் போதாது என்பது. இந்நூலின் மையக் கருத்துகளுள் ஒன்றுக்கு நாம் வழங்கும் சொல் 'அந்நியமாதல்'. எஸ்.வி.ராஜதுரை அந்தப் பெயரிலேயே 1979இல் ஒரு நூல் எழுதிவிட்டார். மறுபக்கம், கங்காணி என்ற தமிழ்ச் சொல் இல்லாமல் தோட்டங்களைப் பற்றி எந்த ஆங்கில ஆய்வாளரும் எழுத முடியாது. லயம், கொழுந்து, கவாத்து என்று தொழிலுக்குரிய சொற்கள் எல்லாம் தொழிலாளரின் வாயில் இருக்கின்றன. இல்லாதவை சொற்கள் என்று சொல்வது, அவற்றைக் கேட்கப் போகாதவர்களின் சமாளிப்பு.

இரண்டாவது மறுப்பு, ஆய்வு நூலை வாசிக்க வேண்டியவர்களுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது. வாசிக்க வேண்டியவர்கள் யார் என்பதை முடிவு செய்தது யார்? தோட்டக் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் போடியிலும் தேனியிலும் கோவையிலும் படிக்கிறார்கள். தம் பாட்டியின் பணிக்கொடை ஏன் வரவில்லை என்பதற்கான விளக்கம் அச்சில் இருக்கிறது. அதை அந்தப் பாட்டிக்குப் படித்துக் காட்ட இயலாத மொழியில் இருக்கிறது. ஆய்வறம் என்று நாம் படிவங்களில் கையொப்பம் வாங்குகிறோம். தகவலாளியின் ஒப்புதல் பெறப்பட்டதா என்று கேட்கும் அந்தப் படிவம், ஆய்வின் முடிவு அவரிடம் திரும்பிச் சென்றதா என்று கேட்பதில்லை. இந்தக் கேள்வி ஜெயசீலன் ராஜுக்கு உரியதன்று. அவர் தம் பங்கைச் செய்து, நூலை எவரும் காசின்றி எடுத்துக்கொள்ளும்படி வைத்துவிட்டார். எஞ்சிய வேலை தமிழில் ஆய்வு செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் நம்முடையது.

மூன்றாவது மறுப்பு வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை: இது கேரளத்து விவகாரம் என்பது. நான் இதை எழுதும் போடிமெட்டில் நின்று பார்த்தால் அந்த மறுப்பின் வெறுமை தெரியும். விடியற்காலையில் போடியிலிருந்து தொழிலாளரை ஏற்றிவரும் ஜீப்புகள் இந்தச் சாவடியைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை ஏலத் தோட்டங்களுக்குப் போகின்றன, மாலையில் இறங்குகின்றன. மாநில எல்லை அவர்களுக்கு ஒரு வண்டி நிறுத்தம். மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ் பேசியவர்கள் பெருமளவில் இருந்தனர். ஆயினும் தோட்டத் தொழிலாளர் வந்து குடியேறியவர்கள் என்ற வாதம் அவர்களுக்கு எதிராக வைக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று அவ்வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. அதன்பின் தமிழ்நாட்டு மேடைகளில் அந்நிலம் பேசப்பட்ட அளவுக்கு அந்நில மக்கள் பேசப்படவில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பதற்றத்தின்போது ஏலத் தோட்டத் தொழிலாளர்கள் அஞ்சி மலையிறங்கி வந்தபோது மட்டும் அவர்கள் நம் தமிழர்கள் ஆனார்கள். பதற்றம் தணிந்ததும் மறந்தோம். மலைக்கு அப்பால் கேரளத்தின் வளர்ச்சிப் பெருமிதமும், மலைக்கு இப்பால் நம் மொழிப் பெருமிதமும் ஒரே மனிதரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கின்றன. இந்நூல் இரண்டு பெருமிதங்களுக்கும் இடந்தருவதில்லை. அதனாலேயே இரு பக்கத்திலும் அது முழுமையாக வாசிக்கப்பட வேண்டும்.

இலங்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே சி.வி.வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கவிதைகளைச் சக்தி அ.பாலையா தமிழுக்குக் கொண்டுவந்தார். சிறுகதையும் நாவலும் ஆய்வும் தொடர்ந்தன. மலையகம் என்ற சொல் நிலப்பெயராக இருந்து ஒரு மக்களின் பெயராயிற்று. 2023இல் அம்மக்கள் தம் வருகையின் இருநூறு ஆண்டுகளைத் தம் பெயராலேயே நினைவுகூர்ந்தனர். இடுக்கி மலைத் தமிழருக்கு அப்படியொரு பெயர் இன்னும் அமையவில்லை. வெளியார் இட்ட பெயர்களே உண்டு. அவற்றுள் ஒன்று வசை. ஒரு மக்கள் தம்மைத் தாமே பெயரிட்டுக்கொள்வதற்குத் தம்மைப் பற்றிய எழுத்து தம் மொழியில் புழங்க வேண்டும். இந்த நூலின் தமிழாக்கத்தில் பணயமாக இருப்பது அதுதான் என்று கருதுகிறேன்.

நூலின் மீது எனக்குக் குறையே இல்லை என்று எண்ண வேண்டாம். கோட்பாட்டு மொழி சில இடங்களில் கனத்து, பேசும் மனிதர்களை மறைக்கிறது; மானிடவியலில் பழக்கமில்லாத வாசகர் அவ்விடங்களில் களைத்துப்போவார். தேயிலையை மையமாகக் கொண்டதால், நிரந்தர வேலையும் வீடும் இல்லாமல் நாள்தோறும் ஜீப்பில் ஏறியிறங்கும் ஏலத் தோட்டத் தொழிலாளர் இதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றனர். அவர்களைப் பற்றிய ஆய்வை எவரேனும் தொடங்கினால், இந்நூலோடு உரையாடாமல் ஓரடியும் நகர முடியாது. அதுவே இதன் தகுதி.

ஆகவே என் வேண்டுகோள் மிகச் சிறியது. தமிழ், மொழியியல், சமூகவியல், மானிடவியல் துறைகளில் இருக்கும் ஆய்வு மாணவர்கள் ஆளுக்கு ஓர் இயலை எடுத்துக்கொள்வோம். முதலில் வாசிப்போம், பின் ஆசிரியரிடமும் பதிப்பகத்திடமும் முறையாக இசைவு கேட்போம், இசைவு கிடைத்தால் மொழிபெயர்ப்போம். ஒவ்வோர் இயலின் வரைவையும் தோட்டத்திலிருந்து வந்த மாணவர் ஒருவராவது வாய்விட்டு வாசித்துத் திருத்த வேண்டும். இதனால் பணி உயர்வுக்குப் பயனில்லை என்று எவரேனும் சொன்னால், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் மொழிபெயர்ப்புக்கும் புள்ளிகள் உண்டு என்பதை நினைவூட்டுங்கள். பணமில்லை என்பவர்களிடம், மொழிபெயர்ப்பு நல்கைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சேர விரும்புவோர் எந்த இயல் என்று கீழே குறிப்பிடுங்கள். பணிக்கொடையைப் பற்றிய பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன். 'அருமையான பதிவு' என்று மட்டும் எழுத நினைப்பவர்கள், அந்த நேரத்தில் நூலின் முதல் பத்துப் பக்கங்களை வாசித்துவிடுங்கள்.